ஆழியின் செல்லுக்குள் படியும் கரி: மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர் செயலர், ஆய்வகங்களில் பணிபுரியும் அறிவியலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வடசென்னைக் கடலோரத்தில் எண்ணூரை ஒட்டிய குப்பம் ஒன்றில் பிறந்தவள் நான். அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். அம்மா கூடை சுமந்து மீனும் இறாலும், ஆங்கிலத்தில் 'மஸ்ஸல்' எனப்படும் இரட்டை ஓட்டு உயிரான ஆழியும் விற்று எங்களைப் படிக்க வைத்தவர். அந்தப் படிப்பால் விலங்கியல் ஆசிரியையாகி, 22 ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல். பழவேற்காடு தொடங்கி முட்டுக்காடு வரை நம் கடலோரத்தைக் கண்காணிக்கும்போது, தண்ணீரோடு சேர்த்து அதில் வாழும் ஆழியின் செல்லையும் பாருங்கள். அந்தச் செல்லுக்குள் சேரும் நிறமிகளை ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்யுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீர் மாதிரி எடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அமில காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, உலோகங்கள் எல்லாம் கட்டாயம் அளக்க வேண்டியவை. பெரிய ஆலைகளின் கழிவுக் குழாய்களில் தானியங்கி மானிகள் வந்திருப்பதும் நல்லதுதான். ஆனால் கழிமுகத்துத் தண்ணீர் ஒரே தண்ணீராக நிற்பதில்லை. கடல் ஏறும்போது வருவது ஒரு தண்ணீர், வற்றும்போது போவது வேறு தண்ணீர். முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கும்போது ஒன்று, வாய் திறந்தபின் ஒன்று. கொசஸ்தலை ஆற்றில் மழை வெள்ளம் வரும்போது எல்லாமே தலைகீழ். காலை 10 மணிக்குப் புட்டியில் பிடித்த தண்ணீர் சொல்வது உண்மைதான், ஆனால் அது அந்தக் காலை 10 மணியின் உண்மை. முந்தைய இரவு 2 மணிக்கு ஆற்றில் என்ன கலந்தது என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ஒரு விளக்கு மாடம் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்குதான். பகலில் வருகிறவர்கள் பார்க்கும்போது விளக்கு அணைந்திருக்கும், கண்ணாடியையும் அம்மா துடைத்து வைத்திருப்பார். ஆனால் மாடத்தின் மேல் விளிம்பில் கரி அப்பியிருக்கும். எத்தனை இரவு எரிந்தது, திரி எவ்வளவு புகைந்தது என்பதை அந்தக் கரியின் கனம் காட்டிக் கொடுத்துவிடும். மாணவிகளுக்கு லிப்போஃபுசின் என்ற செல் நிறமியைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அந்த மாடத்தைத்தான் சொல்வேன்.

ஆழியின் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு கரி படிகிறது. செல்லின் குப்பையை அரைத்துச் செரிக்கும் சிறு பைகளுக்கு லைசோசோம் என்று பெயர். கெட்டுப்போன புரதம், சிதைந்த கொழுப்பு, உள்ளே புகுந்த வேண்டாத பொருள் எல்லாம் அங்கே போய்ச் சேரும். பெரும்பாலானவை செரித்துவிடும். ஆக்சிஜனேற்றத்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கொழுப்பும் புரதமும் மட்டும் செரிக்காமல், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத் துகளாக அங்கேயே தங்கிவிடும். அதுதான் லிப்போஃபுசின். வயதாக ஆக நம் உடல் செல்களிலும் சேர்வதால் 'முதுமை நிறமி' என்றும் அதைச் சொல்வார்கள். ஆனால் அது சேர்வதற்கு முதுமை மட்டும் காரணமில்லை. செம்பு போன்ற உலோகங்களும், எண்ணெயிலும் கரிப்புகையிலும் இருக்கும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களும் செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற நெருக்கடியை உண்டாக்குகின்றன. அப்போது இளம் ஆழியின் செரிமானச் சுரப்பியிலும் இந்த மஞ்சள் துகள் பெருகுகிறது. இதற்குத் தனிச் சாயம்கூடத் தேவையில்லை. ஒளிர்வு நுண்ணோக்கியில் நீல ஒளி பட்டால் தானாகவே மஞ்சளாக மின்னும்.

அளப்பதற்கு ஆழியையும் சிப்பியையும் விட்டால் வேறு நல்ல உயிர் கிடைப்பது கடினம். மீன் தண்ணீர் கெட்டால் ஓடிவிடும். அதன் கல்லீரல் எண்ணெய்ப் பொருள்களைச் சீக்கிரமே மாற்றி வெளியேற்றியும் விடும். ஆழி கல்லை விட்டு நகராது. வளர்ந்த ஆழி ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டித்தான் தன் இரையைத் தேடுகிறது. அந்த எண்ணெய்ப் பொருள்களைச் சிதைக்கும் திறனும் அதற்குக் குறைவு. அதனால் வந்ததெல்லாம் உடம்பில் தங்குகிறது.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1975இல் அமெரிக்கக் கடல்வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க், உலகக் கடலோரங்களை ஆழிகளைக் கொண்டு கண்காணிக்கலாம் என்று எழுதினார். 'மஸ்ஸல் வாட்ச்' என்ற பெயர் அப்போது வந்தது. 1986 முதல் அமெரிக்கா தன் கரையோரம் முழுக்க அதை அரசுத் திட்டமாகவே நடத்துகிறது. அவர்கள் முதன்மையாக அளந்தது சதைக்குள் சேர்ந்த வேதிப்பொருளை. அடுத்த கேள்வியை, அதாவது சேர்ந்த வேதிப்பொருள் அந்த உயிரை என்ன செய்தது என்பதை, இங்கிலாந்தின் பிளிமத்தில் மைக்கேல் மூர், டேவிட் லோ போன்றவர்கள் லைசோசோம் வழியாகத் தேடினார்கள். சோவியத் நாட்டில் கர்னாவ்கோவும் உடன் உழைத்தவர்களும் 1970களிலேயே இன்னொரு நிறமியான கரோட்டினாய்டுக்கும் மாசைத் தாங்கும் திறனுக்கும் உள்ள தொடர்பைக் கடல் மெல்லுடலிகளில் ஆராய்ந்தார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளின் கூட்டுக் கண்காணிப்புத் திட்டத்தில் லைசோசோம் சவ்வின் உறுதி இன்று முதன்மையான உயிர்க்குறிகாட்டிகளில் (உயிரின் உடல்நிலையைக் காட்டும் அளவுகளில்) ஒன்று. நம் கடலில் ஆழிக்குப் பஞ்சமில்லை. சென்னை ஆய்வகங்களில் நுண்ணோக்கிக்கும் பஞ்சமில்லை.

உண்ணும் சிப்பியின் அறிவியல் பெயரைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு 'மதராசென்சிஸ்' என்றுதான் பெயர் வைத்தார்கள். பின்னாளில் வகைப்பாட்டில் பெயர் மாறியது வேறு விஷயம். நம் ஊர்ப் பெயரையே சுமந்த ஓர் உயிரின் உடல்நிலையை இந்த ஊரே அறியாமல் இருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். முதலாவதை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். ஆழியின் ஓட்டை மெல்லத் திறந்து, மூடுதசையிலிருந்து ஊசியால் சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடி வில்லையில் விட வேண்டும். நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்த்தால் இரத்த அணுக்களின் லைசோசோம்கள் அதை உறிஞ்சி, குட்டிக் குட்டிச் செம்மணிகளாகத் தெரியும். பிறகு காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோக்க வேண்டும். நலமான செல் சாயத்தை நெடுநேரம் பைக்குள் பிடித்து வைத்திருக்கும். நெருக்கடியில் இருக்கும் செல்லின் பை ஓட்டையாகி, சாயம் வெளியே கசிந்து, செல் முழுக்கச் சிவந்துவிடும். பாதிக்குப் பாதி செல்களில் கசியும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஐரோப்பிய ஆழிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கில் 120 நிமிடத்துக்கு மேல் தாங்கினால் நலம், 50 நிமிடத்துக்குள் கசிந்தால் கடும் பாதிப்பு. ஒரு நுண்ணோக்கி, கொஞ்சம் சாயம், பொறுமையான இரண்டு கண்கள் போதும்.

இரண்டாவது, லிப்போஃபுசின். செரிமானச் சுரப்பியை உறைய வைத்து மெல்லிய சீவல்களாக வெட்டி, ஷ்மோர்ல் சாயமிட்டோ ஒளிர்வைப் பார்த்தோ, சுரப்பியின் பரப்பில் எத்தனை பங்கை நிறமி பிடித்திருக்கிறது என்று கணினியில் அளக்க வேண்டும். இதற்குக் கருவி கொஞ்சம் கூடுதலாகத் தேவை. இரண்டும் வேறு வேறு காலத்தைச் சொல்வதால்தான் இரண்டையும் கேட்கிறேன். சாயம் கசியும் நேரம் இப்போதைய நெருக்கடியைக் காட்டும். லிப்போஃபுசின் நாள்பட்டுப் படிந்ததைக் காட்டும். நல்ல தண்ணீர் கிடைத்தால் ஆழியால் அந்தத் துகள்களில் ஒரு பகுதியைச் செல்லிலிருந்து வெளியே தள்ளவும் முடியும். ஆகவே ஆறு கெட்டதை மட்டுமல்ல, தேறி வருவதையும் இதே நிறமியில் பார்க்கலாம். ஆற்றைச் சீர்செய்ய அரசு செலவழிக்கும் பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.

இதன் சிக்கல்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முதல் விசாரணையிலேயே யாராவது இதைத் தள்ளிவிடுவார்கள்.

நிறம் ஏமாற்றும். நம் கடலில் கிடைக்கும் பச்சை ஓட்டு வகையான பச்சை ஆழியைப் பிளந்தால் சிலவற்றின் சதை செம்மஞ்சளாகவும் சிலவற்றின் சதை பால்வெள்ளையாகவும் இருக்கும். செம்மஞ்சள் பெண், வெள்ளை ஆண். அம்மா செம்மஞ்சளைக் காட்டி, "இது முட்டை வச்சிருக்குதும்மா, குழம்புக்கு நல்லா இருக்கும்" என்பார். அந்த நிறம் கரோட்டினாய்டிலிருந்து வருகிறது. ஆழிக்கு அதைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, தின்னும் பாசியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆக, பெண் ஆழிகள் அதிகம் விழுந்த கூடையையோ, பாசி செழித்த மாதத்தையோ வைத்துக்கொண்டு மாசு என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். கரோட்டினாய்டைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது.

லிப்போஃபுசினுக்கும் சாயச் சோதனைக்கும் வேறு குறுக்கீடுகள் உண்டு. வயதான ஆழியில் நிறமி இயல்பாகவே கூடும் என்பதால், ஒரே நீளமுள்ள ஆழிகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் இறங்கி உப்பு குறையும்போது மாசே இல்லாவிட்டாலும் செல் நெருக்கடிக்கு உள்ளாகும். சினை விட்ட பிறகும் ஆழி தளர்ந்திருக்கும். அனல் மின் நிலையச் சுடுதண்ணீர் வந்து விழும் இடத்தில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு, வேதிப்பொருளின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். 120, 50 என்ற ஐரோப்பியக் கணக்கு குளிர்கடல் ஆழியை வைத்துப் போட்டது. நம் பச்சை ஆழிக்கு நம் கடலில் ஓர் அடிப்படைக் கணக்கை முதலில் உருவாக்காமல் அந்த எண்களை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்டுப்போன செல் தன்னைக் கெடுத்தவரின் பெயரைச் சொல்லாது. அதற்கு அதே ஆழியின் சதையில் உலோகத்தையும் ஹைட்ரோகார்பனையும் வேதிச்சோதனையில் அளந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மாதிரியை எப்படி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. ஆழியின் நிறமி அந்த வழியில் வந்த சான்று ஆகாது என்பது எனக்குத் தெரியும். வழக்கில் வைக்க நான் அதைக் கேட்கவில்லை. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் போய் மாதிரி எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு அது சொல்லும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, நீர் மாசு பற்றிய ஆய்வுகளை நடத்துவதும் ஊக்குவிப்பதும் உங்கள் கடமைகளில் ஒன்று என்கிறது.

இப்போது என் மனத்தில் அதிக நாள் கிடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையெங்கும் தார்போல ஒதுங்கியதை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோதும், படகில் உட்கார்ந்து கையால் அள்ளியவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உண்டு. வலை போயிற்று, படகின் பலகையெல்லாம் கறுத்தது. இவையெல்லாம் செய்திகளில் வந்தன. வராத ஒன்றை நான் வீட்டிலிருந்து பார்த்தேன். 2017இல் அம்மா கொண்டுபோன கூடை பல நாள் அப்படியே திரும்பி வந்தது. எண்ணெய் படாத தூரத்தில், நல்ல கடலில் பிடித்த மீன் அது. "எண்ணூர் மீனா, வேணாம்" என்று வாடிக்கையாக வாங்குகிற வீடுகளே கதவைச் சாத்தின. தவறு செய்தது யாரோ. அதற்கு முதல் தண்டனை கூடை சுமந்தவளுக்குக் கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து, வகுப்பில் மாணவிகளோடு அந்தச் சாயச் சோதனையைச் செய்து பார்த்தோம். தூண்டில் வளைவுக் கற்களிலிருந்து என் சித்தப்பா மூழ்கிப் பேர்த்துக் கொடுத்த பச்சை ஆழிகள் கொஞ்சமும், கோவளம் பக்கத்து ஆழிகள் கொஞ்சமும். எல்லாம் சேர்த்து இருபதுகூட இராது. நீளத்தையும் சரியாகப் பொருத்தவில்லை. அதை வைத்து நான் எதையும் நிறுவ முடியாது, நிறுவவும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கல்லில் பிறந்த ஆழியின் செல்லில் செம்மணிகள் ஒவ்வொன்றாக உடைந்து கசிவதை நான் பார்த்தேன். பக்கத்திலிருந்த மாணவி, அவளும் குப்பத்துப் பெண்தான், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மேடம், இதை வெளியில சொன்னா எங்கம்மா கிட்ட யாராவது ஆழி வாங்குவாங்களா?"

அவளுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

அதனால் இந்தக் கோரிக்கையின் ஒரு பகுதியாகவே இதையும் கேட்கிறேன். செல்லின் நெருக்கடி வேறு, உணவின் பாதுகாப்பு வேறு. ஓர் ஆழியின் லைசோசோம் தளர்ந்திருக்கிறது என்றால் அந்த உயிர் சிரமப்படுகிறது என்று பொருள். அதைத் தின்றால் நமக்கு என்ன ஆகும் என்பதற்கு அது விடையாகாது. ஈயம், காட்மியம், கிருமி எல்லாவற்றுக்கும் தனி அளவும் தனி வரம்பும் உண்டு. முடிவுகளை வெளியிடும்போது இந்த வேறுபாட்டைத் தமிழில், முதல் வரியிலேயே எழுதுங்கள். செய்தியாளர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்துகளையும், விற்கிற பெண்களையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். உணவு அளவுகளும் வரம்பை மீறியிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், அந்தப் பெண்களின் பிழைப்புக்கு மாற்று என்ன என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். சுத்தம் செய்யும் செலவைப் போலவே அதுவும் மாசுபடுத்தியவர் கணக்கில் வரவேண்டிய செலவு.

இனி, எப்படித் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகம், காசிமேடு, கூவம் முகத்துவாரம், முட்டுக்காடு. இந்த ஐந்து இடங்களும் முதல் ஆண்டுக்குப் போதும். எல்லா இடத்திலும் இயற்கையாக ஒரே வகை ஆழி கிடைக்காது. எண்ணூரில் மஞ்சள் மட்டி இருந்த சேற்றை வெளிநாட்டிலிருந்து வந்த காக்கா ஆழி இப்போது பாய் விரித்ததுபோல மூடிக் கிடக்கிறது. எனவே ஒப்பீட்டில் தூய்மையான ஓரிடத்தில் ஒரே அளவுப் பச்சை ஆழிகளை எடுத்து, வலைக்கூண்டில் போட்டு, ஐந்து இடங்களிலும் ஒரு மாதம் தொங்கவிடலாம். வயதும் பிறப்பிடமும் ஒன்றாக இருப்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் உப்பையும் வெப்பத்தையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். அதே ஆழிகளின் சதை வேதிச்சோதனைக்குப் போக வேண்டும். எது எந்த இடத்து வில்லை என்று தெரியாமலேயே நுண்ணோக்கியில் எண்ணுகிறவர் எண்ண வேண்டும். மழைக்காலம் முடிந்து உப்பு நிலைப்பட்டபின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை.

ஆய்வக வசதிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை உங்கள் அலுவலகத்திலிருந்து எட்டிவிடும் தூரம். சாயச் சோதனைக்கு நகரத்தின் விலங்கியல் மாணவர்களைப் பயிற்றுவித்துக்கொள்ளலாம். கூண்டைக் காவல் காக்கவும் தூக்கவும் குப்பத்து இளைஞர்களுக்குக் கூலி கொடுத்து அமர்த்துங்கள். எந்தக் கல்லில் நீரோட்டம் எப்படி என்று அவர்களுக்குத்தான் தெரியும், கூண்டு களவு போகாமல் இருப்பதும் அவர்கள் கையில்தான்.

மாசி மாதம் கடல் அடங்கியிருக்கும். முதல் கூண்டுகளை அப்போது இறக்கலாம். சித்தப்பாவுக்கு இப்போது மூழ்க முடியாது, ஆனால் எண்ணூரில் கூண்டு கட்ட வேண்டிய இடத்தைப் படகில் வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி இப்போது முதுகலை முடித்திருக்கிறாள். செல்களை எண்ண வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள்.

இப்படிக்கு,
எண்ணூர் மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு விலங்கியல் ஆசிரியை
சென்னை